மல்லாங்கிணற்றுப் பொண்ணு வேற டீமுக்கு மாற முடியுமா? பெண்கள் வாலிபாலில் டிரான்ஸ்ஃபர் எப்படி நடக்குது?

திருவிழா சீசனில் மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி பக்கம் பைக்கில் போனால் ஏதாவது ஒரு சுவரில் அந்தப் போஸ்டர் கண்ணில் படும். ‘மாபெரும் மின்னொளி கைப்பந்துப் போட்டி’. முதல் பரிசு இத்தனை ஆயிரம், கோப்பை உபயம் இன்னார். கரிசல் தரையில் சுண்ணாம்புக் கோடு, ரெண்டு இரும்புக் கம்பம், நாலு ஃபோகஸ் லைட், லைட்டைச் சுத்தி ஈசல். மைக்கில் ஒருத்தர் விடியுற வரைக்கும் நிறுத்தாமல் கமென்ட்ரி சொல்லிக்கிட்டே இருப்பார்.

இந்தப் போட்டிகளில் கட்டாயம் ஒரு சண்டை வரும். “அந்த ஒசரமான ஆளு உங்க ஊரே கிடையாதேப்பா!” என்று எதிர் டீம் கிளம்பும். விஷயம் உண்மைதான். அவர் மதுரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ அன்னைக்கு ஒரு ராத்திரிக்காகக் கூட்டிக்கிட்டு வரப்பட்ட ‘கெஸ்ட் பிளேயர்’. பஸ் காசு, புரோட்டா, கையில் கொஞ்சம் பணம். டிரான்ஸ்ஃபர் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள்கூட டிரான்ஸ்ஃபர் நடத்திக்கொண்டிருக்கிற ஊர் நம்ம ஊர்.

ஆனால் நான் பார்த்த வரைக்கும் அந்த கெஸ்ட் பிளேயர் எப்போதும் ஆண்தான். பெண்கள் ஆட்டம் என்றால், ஏதாவது காலேஜ் டீம் ரெண்டைக் கூப்பிட்டு ஒரு ‘ஷோ மேட்ச்’. கைதட்டல், சால்வை, குரூப் போட்டோ. அதோடு முடிந்தது. நல்லா ஆடுகிற ஒரு பொண்ணு இங்கிருந்து எங்கே போவாள், எப்படிப் போவாள், யார் அனுப்புவார்கள்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

(ஒரு சின்ன விளக்கம்: நம்ம பத்திரிகைகள் வாலிபாலையும் ‘கைப்பந்து’ என்கின்றன, ஹேண்ட்பாலையும் சில சமயம் ‘கைப்பந்து’ என்கின்றன. குழப்பம் வேண்டாமே என்று இங்கே வாலிபால் என்றே எழுதுகிறேன்.)

உலக அளவில் டிரான்ஸ்ஃபர் எப்படி நடக்குது?

ஃபுட்பால் டிரான்ஸ்ஃபர் நமக்குத் தெரியும். ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கோடிக்கணக்கில் கொடுத்து வீரரை வாங்கும். வாலிபால் அப்படி இல்லை. இங்கே கிளப்பைவிட நாட்டின் சம்மேளனத்துக்குத்தான் பிடி அதிகம்.

ஒரு வீராங்கனை முதன்முதலில் எந்த நாட்டு சம்மேளனத்தில் பதிவு செய்தாரோ, அதுதான் அவருடைய தாய் சம்மேளனம். அவர் வேறு நாட்டு கிளப்புக்கு ஆடணும் என்றால் ‘இன்டர்நேஷனல் டிரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட்’ வேண்டும். சுருக்கமாக ஐ.டி.சி. சர்வதேச வாலிபால் சம்மேளனமான எஃப்.ஐ.வி.பி.யின் ஆன்லைன் சிஸ்டத்தில் இது நடக்கும். வீராங்கனை, புது கிளப், ரெண்டு நாட்டு சம்மேளனங்கள் என எல்லோரும் ஓகே சொல்லணும். அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்தான். தேதி முடிந்ததும் பெயர் மறுபடியும் தாய் சம்மேளனத்துக்கே போய்விடும். ஒரு வகையில் இது விற்பனையே இல்லை, வாடகை மாதிரி. கிரிக்கெட்டில் வெளிநாட்டு லீக் ஆட பி.சி.சி.ஐ.யிடம் என்.ஓ.சி. வாங்குகிறார்களே, கிட்டத்தட்ட அந்தக் கதை.

அந்த ஒரு கையெழுத்து எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு கிம் யோன்-கூங் நல்ல உதாரணம். தென் கொரியாவின் சூப்பர் ஸ்டார். 2005-ல் ஹுங்குக் லைஃப் அணியில் சேர்ந்தவர். அங்கிருந்து ஜப்பானுக்கு லோனில் போய், 2011-ல் துருக்கியின் ஃபெனர்பாசே கிளப்புக்கு வந்தார். 2012-ல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கை அந்த கிளப் ஜெயித்தது. அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் கொரியா நாலாவது இடம்தான், ஆனாலும் தொடரின் சிறந்த வீராங்கனை விருது கிம்முக்கே போனது.

அதே வருஷம்தான் பிரச்சினையும். “என் ஒப்பந்தம் முடிஞ்சது, நான் ஃப்ரீ” என்றது கிம் தரப்பு. “கொரிய லீக்கில் ஆறு சீசன் ஆடினால்தான் ஃப்ரீ, லோனில் போன வருஷமெல்லாம் கணக்கில் வராது” என்றது பழைய கிளப். உலகத்திலேயே பெஸ்ட் என்று பெயர் வாங்கிய ஒருவர் ஒரு சர்டிஃபிகேட்டுக்காகக் காத்துக்கிடந்தார். கொரிய நாடாளுமன்றம் வரைக்கும் பேச்சு போனது. விவகாரம் முழுசாக முடிய 2014 ஆகிவிட்டது. சுவாரஸ்யம் என்னவென்றால், பிற்பாடு அவர் அதே ஹுங்குக் லைஃபுக்குத் திரும்பிவந்து, 2025-ல் கோப்பையோடு அங்கேயே ஓய்வு பெற்றார்.

கிளப் மாறுவது ஒன்று, நாடே மாறுவது இன்னொன்று. மெலிசா வர்காஸ் கியூபாவில் பிறந்தவர். அங்கத்திய சம்மேளனத்தோடு முட்டிக்கொண்டு தடை வாங்கியவர். 2021-ல் துருக்கிக் குடியுரிமை கிடைத்தது. உடனே துருக்கி ஜெர்சி போட முடியவில்லை. 2023 வரைக்கும் காத்திருந்தார். அந்த ஆண்டே துருக்கி நேஷன்ஸ் லீக்கையும் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பையும் அடித்தது. ஒரு வீராங்கனை தன் தாய் சம்மேளனத்தை ஆயுளில் ஒரு தடவைதான் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் விதி.

சரி, இந்தியாவில்?

இந்தியப் பெண்கள் வாலிபாலில் டிரான்ஸ்ஃபர் என்றால் வேலை. அவ்வளவுதான் விஷயம்.

தேசிய சீனியர் சாம்பியன்ஷிப் 1952-ல் மெட்ராஸில் தொடங்கியது. மாநிலங்களோடு ரயில்வே மாதிரியான துறை அணிகளும் ஆடும். பெண்கள் பிரிவில் வருஷக்கணக்காகப் பார்த்த ஃபைனல் ஒன்று உண்டு: ரயில்வே vs கேரளா. பெரும்பாலும் ரயில்வேதான் ஜெயிக்கும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், ரயில்வே பக்கம் நிற்கிறவர்களில் பலர் மலையாளிகள். கேரளாவில் பயிற்சி எடுத்து, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயில் வேலை கிடைத்து, சொந்த மாநிலத்துக்கு எதிராகவே ஸ்மாஷ் அடிப்பவர்கள். டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் கிடையாது, ஏஜென்ட் கிடையாது, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் மட்டும் உண்டு. கேரளா என்ன செய்தது? மாநில மின்வாரியம், போலீஸ் இரண்டிலும் பெண்கள் அணி வைத்து, ஊரிலேயே வேலை கொடுத்துப் பிடித்துவைத்தது. அதனால்தான் பின்னால் ரயில்வேயை வீழ்த்தவும் முடிந்தது.

தமிழ்நாட்டுக் கதை கொஞ்சம் வேறு. இங்கே காலேஜ்கள்தான் கிளப் மாதிரி. கோபிச்செட்டிபாளையம் பி.கே.ஆர். மகளிர் கலைக் கல்லூரி, சென்னை எஸ்.ஆர்.எம். என்று சொன்னால் வாலிபால் தெரிந்தவர்கள் தலையாட்டுவார்கள். பள்ளியில் ஆடும் பொண்ணைப் பார்த்து சீட், ஹாஸ்டல், ஃபீஸ் சலுகை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதுதான் அவளுடைய முதல் டிரான்ஸ்ஃபர். அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி ஈரோடு மாவட்டத்தில் இறங்கும்போது அவளுக்குப் பதினேழு, பதினெட்டு வயசு இருக்கும். மூணு வருஷ டிகிரிக்குள் இந்தியா முழுக்க யாராவது பார்க்கிற மாதிரி ஒரு டோர்னமென்ட் ஆடிவிடணும். இல்லையென்றால் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இதை ஜோக்காகச் சொல்லவில்லை. என் ஸ்கூல் டீமில் ஆடிய ஆறு பேரில் இன்றைக்குக் களத்தில் ஒருத்தரும் இல்லை. சப்ஸ்டிட்யூட்டாக உட்கார்ந்திருந்த நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

‘ஃபார்ம் 2’ கையில் இருக்கா?

இந்த மொத்தக் கணக்கும் நிற்பது ஒரு பேப்பரில். மத்திய அரசின் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைகளுக்குச் சான்றிதழ் வடிவங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. இந்தியாவுக்கு ஆடினால் ஃபார்ம் 1, அதைத் தருவது தேசிய சம்மேளனம். மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் ஃபார்ம் 2, அதைத் தருவது மாநில சங்கம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் ஃபார்ம் 3. தேசியப் பள்ளி விளையாட்டு என்றால் ஃபார்ம் 4. தமிழ்நாடு அரசும் தன் வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு வைத்திருக்கிறது.

அப்போ கையெழுத்துப் போடுகிற சங்கத்துக்கே அங்கீகாரம் கேள்விக்குறியாக இருந்தால்? இந்திய வாலிபாலில் இது சும்மா கற்பனைக் கேள்வி கிடையாது. உள்சண்டை காரணமாக 2016 டிசம்பரில் இந்திய வாலிபால் சம்மேளனத்தையே எஃப்.ஐ.வி.பி. இடைநீக்கம் செய்தது. பிறகு தடை நீங்கியது. 2023-ல் கோவாவில் தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது, நிர்வாகச் சிக்கலில் வாலிபால் பட்டியலிலிருந்தே காணாமல் போனது. தகுதி பெற்றுத் தயாராக இருந்த கேரள வீரர், வீராங்கனைகள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். ஒரு போட்டி ரத்தானால் ரசிகருக்கு ஒரு மேட்ச் போச்சு. இருபத்திரண்டு வயசுப் பொண்ணுக்கோ ஒரு ஃபார்ம் 2 போச்சு. அது ஒரு வேலை.

சங்கத் தலைவர்கள் யார், எந்த கோஷ்டி என்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆனால் அந்த கோஷ்டிச் சண்டைக்கு அபராதம் கட்டுவது யார் என்பதை மட்டும் எழுதாமல் விட முடியாது.

லீக் இருக்கே, அதில் ஏலம்கூட நடக்குதே?

இருக்கு, ஆண்களுக்கு. 2019-ல் புரோ வாலிபால் லீக் ஆறு அணிகளோடு வந்தது. ஏலத்தில் அதிகபட்சமாக ரஞ்சித் சிங் 13 லட்சத்துக்குப் போனார். சென்னையில் நடந்த ஃபைனலில் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோப்பையைத் தட்டியது. ஒரே சீசன். அதை நடத்திய நிறுவனத்துக்கும் சம்மேளனத்துக்கும் முட்டிக்கொண்டது, கோர்ட்டுக்குப் போனது. 2022-ல் பிரைம் வாலிபால் லீக் என்று புதுப் பெயரில் திரும்ப வந்தது. செட்டுக்கு 15 பாயின்ட், இரட்டிப்பு மதிப்புள்ள ‘சூப்பர் பாயின்ட்’ என்று டி.வி.க்கு ஏற்ற மாதிரி விதிகளையும் மாற்றினார்கள். வெளிநாட்டு வீரர்களும் வந்தார்கள்.

பெண்களுக்கு இந்த அளவில் ஒரு லீக் இன்னும் இல்லை. அமெரிக்காவில் மட்டும் 2024, 2025 ஆண்டுகளில் அடுத்தடுத்து ரெண்டு புதுப் பெண்கள் புரொஃபஷனல் லீக்குகள் தொடங்கின. துருக்கி, இத்தாலி லீக்குகளில் ஆண்கள் ஆட்டத்துக்குச் சமமாக, சில ஊர்களில் அதைவிட அதிகமாகவே கூட்டம். இங்கே கிரிக்கெட்டுக்கு டபிள்யூ.பி.எல். வந்த பிறகும், ‘பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பாங்க’ என்ற பழைய கேள்வி வாலிபாலில் மட்டும் அப்படியே நிற்கிறது.

விதிகள் என்னதான் மாறியது?

உங்கள் அப்பா ஆடின வாலிபாலும் இப்போதையதும் வேற வேற ஆட்டம். பழைய முறையில் சர்வீஸ் போடுகிற அணிக்கு மட்டும்தான் பாயின்ட். செட்டுக்கு 15. சர்வீஸ் கை மாறிக்கொண்டே இருக்கும், ஸ்கோர் நகரவே நகராது. மேட்ச் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது, டி.வி.க்காரர்களுக்கு அது ஒத்துவரவில்லை. 1990-களின் கடைசியில் ‘ரேலி’ முறை வந்தது. யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பாயின்ட். செட்டுக்கு 25, அஞ்சாவது செட்டுக்கு 15. ஒலிம்பிக்கில் முதலில் 2000 சிட்னி.

அதே காலத்தில் வந்ததுதான் லிபரோ. வேறு கலர் ஜெர்சி போட்டுப் பின்வரிசையில் மட்டும் ஆடுகிற டிஃபன்ஸ் ஸ்பெஷலிஸ்ட். பிளாக் பண்ணக்கூடாது, சர்வதேச விதியில் சர்வீஸும் கிடையாது. நம்ம ஊருக்கு மிகவும் நல்ல விதி இது. ஏனென்றால் வாலிபால் என்றால் ஆறடி இருக்கணும் என்ற எண்ணத்தை உடைத்தது லிபரோதான். அஞ்சடி சொச்சம் உயரமுள்ள, கால் வேகமுள்ள ஒரு பொண்ணு தேசிய அணிக்கு யோசிக்க முடியும் என்றால் அது இந்த இடத்தில்தான். இப்போது லிபரோவே கேப்டனாகவும் இருக்கலாம்.

லேட்டஸ்ட் மாற்றம் 2024 நவம்பரில் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் நடந்த எஃப்.ஐ.வி.பி. மாநாட்டில் முடிவானது. 2025 முதல் 2028 வரைக்கும் பொருந்தும் விதிகள் அவை. முக்கியமானது ‘ரொட்டேஷன்’ பற்றியது. முன்பு சர்வீஸ் அடிக்கிற நொடியில் ரெண்டு அணியும் சரியான வரிசையில் நிற்கணும். இப்போது வரிசைக் கட்டுப்பாடு சர்வீஸை வாங்குகிற அணிக்கு மட்டும்தான். சர்வீஸ் போடுகிற அணி எங்கே வேணாலும் நின்றுகொள்ளலாம். செட்டர் முன்கூட்டியே தன் இடத்துக்குப் போய்விடலாம். ஆனால் யார் அடுத்து சர்வீஸ் போடுவது என்ற வரிசை மாறாது. அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு விதி, இது பழசுதான், ஆனாலும் சொல்லியாகணும். ஆண்களுக்கு வலை உயரம் 2.43 மீட்டர். பெண்களுக்கு 2.24 மீட்டர். வித்தியாசம் 19 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண். நம்ம ஊர்க் கம்பத்தில் கொக்கி ஒண்ணுதான் இருக்கும், ஆண்கள் உயரத்தில். சாயங்காலம் பசங்க வருவதற்கு முன்னால் கிடைக்கிற அரை மணி நேரத்தில் பெண்பிள்ளைகள் அந்த உயரத்திலேயே ஆடிப் பழகுவார்கள். பிறகு மாவட்டப் போட்டியில் சரியான வலையைப் பார்த்ததும் அடிக்கிற பந்தெல்லாம் கோட்டைத் தாண்டிப் போகும். டைமிங் மொத்தமாக மாறிவிடுகிறது.

இந்திய அணி எப்படி ஆடுது?

தெற்காசியாவில் கில்லி. ஆசியாவில் தடுமாற்றம். அதற்கு மேலே இன்னும் இல்லை.

2016 குவாஹாட்டி, 2019 காத்மாண்டு என்று தெற்காசிய விளையாட்டில் அடுத்தடுத்துத் தங்கம். 2019 ஃபைனலில் நேபாளம் அஞ்சு செட் வரைக்கும் இழுத்தது என்பதையும் குறித்துக்கொள்ளணும். 2023-ல் ஹரியானாவின் நிர்மல் தன்வர் தலைமையில் காத்மாண்டுவில் மத்திய ஆசிய சேலஞ்ச் கோப்பையை இந்தியா வென்றது. ஃபைனலில் வீழ்த்தியது கஜகஸ்தானை. சில மாதங்களில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு. அங்கே கஜகஸ்தான் எட்டு, இந்தியா ஒன்பது. ஆண்கள் அணி அதே ஹாங்சோவில் தென் கொரியாவை வீழ்த்தி ஆறாவது வந்தது. ஆண்களுக்கு 1958, 1962, 1986 என மூன்று ஆசிய விளையாட்டுப் பதக்கங்கள் உண்டு. பெண்களுக்கு ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் வியட்நாமைப் பாருங்கள். ஹாங்சோவில் கொரியாவை அஞ்சு செட்டில் தோற்கடித்து நாலாவது இடம். 2025-ல் தாய்லாந்தில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் முதல் தடவையாக ஆடியது. அந்த 32 அணிகளில் இந்தியா இல்லை. (ஃபைனலில் இத்தாலி துருக்கியை 3-2 என்று வென்றது. வர்காஸ் தோற்ற பக்கம்.) வியட்நாமின் டிரான் தி தான் துய் தைவான், ஜப்பான், துருக்கி என்று வெளியே ஆடப் போனவர். தாய்லாந்தின் செட்டர் நூட்சாரா அஜர்பைஜான், துருக்கி கிளப்புகளில் வருஷக்கணக்கில் ஆடினார். அவர் காலத்தில் தாய்லாந்து ஆசிய சாம்பியன் ஆனது. எல்லாம் டிரான்ஸ்ஃபரால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். உள்ளூர் லீக், ஸ்பான்சர், சின்ன வயசிலிருந்து ஒரே அணியாக வளர்த்தது எல்லாம் சேர்ந்துதான். ஆனால் வாரம் ரெண்டு மேட்ச் உலகத்தரமான பிளாக்கர்களுக்கு எதிராக ஆடுகிறவருக்கும், வருஷத்தில் சில வாரம் கேம்ப், ஒரு டோர்னமென்ட், மீதி நாள் ஆபீஸ் டீம் பிராக்டிஸ் என்று இருப்பவருக்கும் வித்தியாசம் வராமல் எப்படி இருக்கும்?

ரயில்வே வேலையைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அந்தச் சம்பளம் இல்லையென்றால் இன்றைக்கு ஆடுகிறவர்களில் பலர் ஆட்டத்தையே விட்டிருப்பார்கள். ஆனால் முப்பது வருஷ வேலையைப் பணயம் வைத்து, ஒரு சீசனுக்கு வெளிநாடு போகச் சொன்னால் யார் போவார்கள்?

மில் பொண்ணுங்க வாங்கின தங்கம்

அருப்புக்கோட்டை, நூற்பாலைகளும் தறிகளும் உள்ள ஊர். அதனால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1964 டோக்கியோவில்தான் வாலிபால் முதன்முதலில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பெண்கள் தங்கம் ஜப்பானுக்கு. அந்த அணியின் பெரும்பாலானவர்கள் ஒசாகா பக்கத்தில் உள்ள கைசுகாவில், நிச்சிபோ என்ற ஜவுளி ஆலையின் ஊழியர்கள். பகலில் மில் வேலை, மாலையிலிருந்து நள்ளிரவு வரைக்கும் பயிற்சி. பயிற்சியாளர் டைமாட்சு ஹிரோபுமியின் கொடுமையான டிரில்கள் இன்றைக்கு யாரும் ஒத்துக்கொள்கிற மாதிரி இல்லை, அந்தப் பக்கத்தையும் மறைக்கக்கூடாது. ஆனால் ஒரு நூல் மில் ஒரு அணியை வளர்த்து ஒலிம்பிக் வரைக்கும் அனுப்ப முடிந்தது என்பது நடந்த விஷயம்.

சரி, மல்லாங்கிணற்றுப் பொண்ணு இப்போ என்ன பண்ணணும்?

பள்ளியில் படிக்கிறவள் என்றால் முதலில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதித் தேர்வு. 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்கிறவர்களுக்கானது. தேர்வு எப்போது என்று விருதுநகர் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டால் தெரியும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிக்கு ஆன்லைனில் பதிவு செய்யணும். அதில் மாவட்ட அணிக்குத் தேர்வானால் மாநில அளவில் கோச்சுகள் கண்ணில் படலாம்.

காலேஜ் சேரும்போது ஹாஸ்டல், ஃபீஸ் சலுகை என்று வாயால் சொல்வதை எழுதி வாங்குங்கள். காயம் பட்டு ஒரு வருஷம் ஆட முடியாமல் போனால் அந்தச் சலுகை தொடருமா என்று கேளுங்கள். நிறைய பேர் கேட்பதில்லை, ரெண்டாவது வருஷம் முட்டியில் அடிபட்ட பிறகுதான் தெரியவருகிறது. எந்த டோர்னமென்ட் ஆடினாலும், அதை நடத்துகிற சங்கம் யாரோடு இணைக்கப்பட்டது, சான்றிதழ் எந்த ஃபார்மில் வரும் என்று ஆடுவதற்கு முன்னாலேயே விசாரியுங்கள். ஆடி முடித்த கையோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். ரெண்டு வருஷம் கழித்துப் போனால் செயலாளர் மாறியிருப்பார், சில சமயம் சங்கமே மாறியிருக்கும்.

அப்புறம், ஊர்க் கமிட்டி அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பத்தில் 19 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கொக்கி வெல்டிங் வைக்கப் பெரிசாகச் செலவு ஆகாது. இந்த வருஷத் திருவிழா வசூலில் பார்த்துக்கொள்ளலாம்.